“2002 அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்” என்று விற்பனைக்கு வந்துள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர்: உண்மையில் எந்த வகை?

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

அனைவருக்கும் வணக்கம். ஜோர்ஜ் டவுனில் ஒருவர் தம்முடைய ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கித்தாரை 4,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) விற்க முன்வந்திருக்கிறார். “2002 அமெரிக்கன் ஸ்டாண்டர்ட், எல்லாப் பாகங்களும் அசல்” என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார். நேரில் சென்று வாசித்துப் பார்த்தேன்; பிடித்திருக்கிறது. ஆனால் பணத்தை எடுத்து வைப்பதற்கு முன் அது எந்த வகையைச் சேர்ந்தது என்று உறுதி செய்துகொள்ள விரும்புகிறேன்.

நான் குறித்துக்கொண்டு வந்தவை இவை. வரிசை எண் ஹெட்ஸ்டாக்கில், அதாவது கழுத்தின் நுனியில் உள்ள தலைப்பகுதியில், இருக்கிறது. இசட்2 என்று தொடங்குகிறது. அமெரிக்கத் தயாரிப்பு என்ற வாசகமும் அங்கேயே இருக்கிறது. ஹெட்ஸ்டாக் சிறிய வடிவம். ரோஸ்வுட் விரல்பலகை, அதில் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகளான பிரெட்டுகள் 22. உடல் கறுப்பு நிறம், ஆனால் பளபளப்பு இல்லாத கறுப்பு. தந்திகளை உடலின்மேல் தாங்கும் பிரிட்ஜின் முன்விளிம்பை உடலோடு பிடித்திருப்பவை ஆறு திருகுகள்.

எங்கள் குழுவில் கீபோர்டு வாசிக்கும் அண்ணன், 22 பிரெட் இருந்தால் அது அமெரிக்கன்தான் என்கிறார். பேஸ் வாசிப்பவரோ, ஆறு திருகு என்றால் மெக்சிகோ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம் என்கிறார். இரண்டு அடையாளமும் ஒரே கித்தாரில் இருக்கின்றனவே, எதை நம்புவது?

செந்தூல் ஆறுதந்தி (கோலாலம்பூர்)

உங்கள் நண்பர்கள் இருவர் சொன்னதும் ஆதாரமில்லாத பேச்சு அன்று. 1987இல் வந்த அமெரிக்கன் ஸ்டாண்டர்டில் 22 பிரெட்டுகளும், இரண்டு தூண்களின்மேல் அசையும் பிரிட்ஜும் இருந்தன. 1991 முதல் மெக்சிகோவின் என்செனாடா தொழிற்சாலையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டில் 21 பிரெட்டுகளும் ஆறு திருகு பிரிட்ஜும் இருந்தன. இந்த வேறுபாடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் நீடித்ததால், கடைக்காரர் முதல் கச்சேரி மேடை வரை எல்லாரும் பிரெட்டை எண்ணியே நாட்டைச் சொல்லப் பழகிவிட்டார்கள். 2018இல் மெக்சிகோ ஸ்டாண்டர்டுக்குப் பதிலாகப் பிளேயர் வரிசை வந்தது. அதற்கு 22 பிரெட்டும் இரண்டு தூண் பிரிட்ஜும் கொடுத்துவிட்டார்கள். ஆகவே அண்மைக்கால கித்தார்களுக்கு அந்த விதி செல்லாது. உங்களுடையது 2002 என்பதால் விதி செல்ல வேண்டும், ஆனால் அடையாளங்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். 2000 முதல் 2007 வரை ஃபெண்டரின் விலைப்பட்டியலில் அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் என்ற பெயரே கிடையாது. அந்த ஆண்டுகளில் அதற்கு அமெரிக்கன் சீரீஸ் என்று பெயர். 2008இல் பழைய பெயர் திரும்பியது. 2017இல் அமெரிக்கன் புரொஃபெஷனல் அதன் இடத்தைப் பிடித்தது. பெயரை மாற்றிச் சொன்னதற்காக மட்டும் விற்பவரைச் சந்தேகிக்க வேண்டாம். பழக்கத்தில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது கழுத்தின் பின்புறத் தகடு. அமெரிக்கன் சீரீஸில் கழுத்தின் சாய்வை நுணுக்கமாகச் சரிசெய்ய மைக்ரோ டில்ட் என்ற அமைப்பு உண்டு. அதற்கான அறுகோணச் சாவியை நுழைக்கத் தகட்டில், நான்கு திருகுகளைத் தவிர, ஒரு சிறு துளை இருக்கும். கழுத்தைக் கழற்றினால், அந்தத் திருகின் முனை வந்து முட்டும் இடத்தில் கழுத்தின் அடிக்கட்டையில் ஒரு சிறிய எஃகு வில்லை பதிந்திருப்பதைப் பார்க்கலாம். உங்கள் கித்தாரின் தகட்டில் ஐந்தாவது துளை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வரிசை எண்ணைப் பொறுத்தவரை, எழுத்து பத்தாண்டையும் அடுத்த இலக்கம் ஆண்டையும் குறிக்கும். அமெரிக்காவில் எண்பதுகளுக்கு இ (E), தொண்ணூறுகளுக்கு என் (N), இரண்டாயிரங்களுக்கு இசட் (Z). மெக்சிகோவுக்கு அவற்றின் முன்னால் எம் சேரும்: எம்என், எம்இசட். 2010 முதல் யுஎஸ்10, எம்எக்ஸ்10 என்ற முறை வந்தது. அந்தக் கணக்கில் இசட்2 என்பது அமெரிக்கா, 2002. ஆனால் அந்த எண் எழுதப்பட்டிருப்பது கழுத்தின்மேல். 1976 வரை எண் பின்புறத் தகட்டில் இருந்தது. அதன்பின் ஹெட்ஸ்டாக்குக்கு இடம் மாறியது. 1954இல் லியோ ஃபெண்டர் இந்தக் கித்தாரை வடிவமைத்தபோதே, கழுத்தை ஒட்டாமல் திருகால் பூட்டுவது என்று முடிவு செய்தார். கெட்டுப்போன கழுத்தை எடுத்துவிட்டு வேறொன்றை மாட்டுவது எளிது என்பதே அதன் பயன். அந்த வசதி இன்று வாங்குபவருக்குத் தலைவலி. 22 பிரெட் கழுத்தில் கடைசி பிரெட் இருக்கும் பகுதி, உடலின் முகப்பில் உள்ள பிக்கார்டு என்ற பிளாஸ்டிக் தகட்டின்மேல் சற்று நீட்டிக்கொண்டு நிற்கும், அவ்வளவே; மெக்சிகோ உடலில் அமெரிக்கக் கழுத்து சிக்கலின்றிப் பொருந்தும். ஆகவே வரிசை எண் கழுத்துக்கு மட்டும்தான் சாட்சி. உடலுக்குத் தனிச் சாட்சி வேண்டும்.

ஈப்போ சாலை டிரம்மர் (கோலாலம்பூர்)

கித்தார் நன்றாக ஒலிக்கிறது, கைக்கும் பிடித்திருக்கிறது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். மேடைக்குக் கீழே நிற்பவருக்குத் துளை நான்கா ஐந்தா என்று தெரியப்போவதில்லை. இவ்வளவு ஆராய்ச்சி தேவைதானா?

செந்தூல் ஆறுதந்தி (கோலாலம்பூர்)

வாசிப்பதற்குத் தேவையில்லை, விலை பேசுவதற்குத் தேவை. 4,800 வெள்ளி என்பது அமெரிக்கன் சீரீஸுக்குக் கேட்கப்படும் விலை. மெக்சிகோ உடலில் அமெரிக்கக் கழுத்து மாட்டிய கித்தார் அதே அளவு இனிமையாக ஒலிக்கலாம். ஆனால் நாளை இவர் அதை விற்கப் போகும்போது, வாங்க வருபவர் தகட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டுப் பாதி விலை கேட்பார். ஒலியைக் காதால் தீர்மானிக்கலாம். விலையைக் கண்ணால்தான் தீர்மானிக்க வேண்டும்.

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

விற்பவர் தகட்டின் படத்தை அனுப்பியிருக்கிறார். நான்கு திருகுகள் மட்டுமே இருக்கின்றன. சிறு துளை இல்லை. அப்படியென்றால் இது கழுத்து மாற்றப்பட்ட கித்தார் என்று முடிவு கட்டிவிடலாமா? இன்னொரு கேள்வி: வரிசை எண்ணே போலியாக இருக்கவும் வாய்ப்பு உண்டா?

பாயான் பாரு பட்டறை (பினாங்கு)

தம்பி, அவசரப்பட வேண்டாம். இதுவரை சொல்லப்பட்டவை எல்லாம் சரி. அமெரிக்கன் சீரீஸ் என்றால் இரண்டு தூணும் ஐந்தாவது துளையும் இருந்தாக வேண்டும்; அவை இல்லை, ஆகவே இது அமெரிக்கன் சீரீஸ் அன்று. ஆனால் அமெரிக்கன் சீரீஸ் இல்லை என்பதற்கும் கழுத்து மாற்றப்பட்டது என்பதற்கும் நடுவில் மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. கலிபோர்னியாவின் கொரோனா தொழிற்சாலையிலேயே 2002 முதல் ஹைவே ஒன் என்று ஒரு வரிசை செய்தார்கள். குறைந்த விலையில் அமெரிக்கத் தயாரிப்பு என்பது அதன் நோக்கம். அதில் 22 பிரெட்டுகள் உண்டு. பிரிட்ஜ் பழைய பாணியில் ஆறு திருகு. மைக்ரோ டில்ட் கிடையாது. வரிசை எண்ணுக்கு அதே இசட். உங்கள் கித்தாரின் முரண்பாடுகள் எல்லாம் அந்த ஒரே வகையில் முரண்பாடு இல்லாமல் அடங்கிவிடுகின்றன.

எனக்கு இந்த எண்ணம் தோன்றக் காரணம், நீங்கள் போகிறபோக்கில் எழுதிய “பளபளப்பு இல்லாத கறுப்பு” என்ற சொற்கள். அக்காலத்து அமெரிக்கன் சீரீஸும் மெக்சிகோ ஸ்டாண்டர்டும் தடித்த, கண்ணாடி போன்ற பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சோடு வந்தன. ஹைவே ஒன்னுக்கோ மெல்லிய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சை மங்கலாக அடித்தார்கள். 2006இல் அந்த வரிசை மாற்றியமைக்கப்பட்டு, எழுபதுகளின் பாணியில் பெரிய ஹெட்ஸ்டாக் வந்தது. உங்களுடையதில் சிறிய ஹெட்ஸ்டாக் என்பதும் 2002க்குப் பொருந்துகிறது.

இனி சரிபார்க்கும் முறை. மங்கலான நைட்ரோ பூச்சு தேய்ந்தால் மெருகேறும். வலது முன்கை படியும் மேல்விளிம்பைச் சன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். சுற்றிலும் மங்கலாக இருக்க, அந்த இடம் மட்டும் எண்ணெய் தடவியதுபோல மின்னினால் அது நல்ல அறிகுறி. அடுத்து உடலின் அடிவிளிம்பைப் பாருங்கள். சாதாரண ரப்பர் தாங்கிகளில் நைட்ரோ கித்தாரை நிறுத்திவைத்தால் ரப்பர் பூச்சோடு வினைபுரிந்து தடம் பதித்துவிடும். நம் ஊர் வெக்கையில் அது இன்னும் விரைவாக நடக்கிறது. பாலி பூச்சில் அப்படி எளிதில் ஆகாது. வாங்குபவர்கள் குறை என்று விலை குறைக்கும் அந்தத் தடம், இங்கே உங்களுக்கு ஆதாரமாகும். அசிட்டோனைத் தொட்டுப் பார்க்கும் முறையை இணையத்தில் சிலர் பரிந்துரைப்பார்கள். நைட்ரோவை அசிட்டோன் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் பிறர் பொருளில் அதைச் செய்யாதீர்கள்.

விற்பவர் சம்மதித்தால் தந்திகளைத் தளர்த்திவிட்டுக் கழுத்தைக் கழற்றுங்கள். அடிக்கட்டையில் நாள் முத்திரை இருக்கிறதா, எஃகு வில்லை இருக்கிறதா, இப்போதுள்ள நான்கு துளைகளைத் தவிர அடைக்கப்பட்ட பழைய துளைகள் இருக்கின்றனவா என்ற மூன்றையும் பாருங்கள். வில்லை இருந்தால் அது அமெரிக்கன் சீரீஸ் கழுத்து. அப்போது செந்தூல் நண்பர் எழுதிய மாற்றுக் கழுத்துக் கதைதான் உண்மை. வில்லை இல்லை, வேறு துளைகளும் இல்லை என்றால், கழுத்தும் உடலும் பிறந்ததிலிருந்து சேர்ந்தே இருக்கின்றன என்று நம்பலாம்.

செந்தூல் ஆறுதந்தி (கோலாலம்பூர்)

பட்டறை அண்ணன் சொன்னதோடு, கழற்றும்போதே பிக்கார்டையும் தூக்கிப் பாருங்கள் என்று சேர்த்துக்கொள்கிறேன். மெக்சிகோ ஸ்டாண்டர்டின் பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்குறியாக்கும் காந்தச்சுருள்) திருப்பினால், அடியில் சாக்பீஸ் நீளத்தில் கருஞ்சாம்பல் நிறக் காந்தக் கட்டை ஒட்டப்பட்டிருக்கும். அது செராமிக் காந்தம். மேலே தெரியும் ஆறு முனைகளும் வெறும் எஃகுத் தண்டுகள். அல்னிகோ என்ற உலோகக் காந்த வகையில் அந்தக் கட்டை இருக்காது, தண்டுகளே காந்தங்கள். பிக்கப்பை மாற்றுவது கழுத்தை மாற்றுவதை விடவும் வழக்கமானது என்பதால், இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மரத்தையும் நம்ப முடியாது. ஆல்டர் இரண்டு நாட்டுத் தொழிற்சாலைகளிலும் பயன்பட்டது.

போலி எண் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஹெட்ஸ்டாக் ஒட்டிகள் இணையத்தில் சில வெள்ளிக்குக் கிடைக்கின்றன. ஃபெண்டர் தளத்தில் வரிசை எண்ணைத் தேடும் வசதி இருக்கிறது, ஆனால் உண்மையான கித்தாரின் எண்ணை எடுத்து வேறொன்றில் ஒட்டியவருக்கும் அது அதே பதிலைத்தான் சொல்லும். அதனால்தான் எண்ணை முதல் கேள்வியாக வைக்கலாம், கடைசிப் பதிலாக வைக்கக் கூடாது என்கிறேன். ஃபெண்டரின் மலிவு விலைப் பிரிவான ஸ்குவையரின் உடலில் ஃபெண்டர் ஒட்டி ஏறியிருந்தால் அளவுகோலே காட்டிக்கொடுத்துவிடும்: வழக்கமான ஸ்ட்ராட் உடலின் தடிமன் ஏறத்தாழ 45 மில்லிமீட்டர், ஸ்குவையர் அஃபினிட்டி வரிசையில் உடல் அதைவிட மெலிந்தது.

பிரிக்பீல்ட்ஸ் பழைய கம்பி (கோலாலம்பூர்)

எழுத்தை வைத்து நாட்டைச் சொல்வதில் இன்னொரு பள்ளம் உண்டு. என்னிடம் இருப்பது இ என்று தொடங்கும் கித்தார். பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் எண்பதுகளின் அமெரிக்கன் என்று கண் விரிப்பார்கள். ஆனால் ஃபெண்டர் ஜப்பானும் 1984 முதல் 1987 வரை அதே இ எழுத்தைத்தான் பயன்படுத்தியது. கழுத்தின் அடியில் ஜப்பான் தயாரிப்பு என்று எழுதியிருப்பதே என் கித்தாரின் குடியுரிமைச் சான்று. ஜப்பானிலிருந்து பழைய பொருள்கள் இங்கே நிறைய வந்து இறங்குவதால், கிள்ளானிலும் பினாங்கிலும் இப்படிப்பட்டவை அடிக்கடி கண்ணில் படுகின்றன. அவை தரத்தில் குறைந்தவை அல்ல. மாட்சுமோட்டோவில் உள்ள ஃபூஜிஜென் தொழிற்சாலையில் 1982இல் தொடங்கிய ஜேவி எண் வரிசைக்கு இன்று சில அமெரிக்கக் கித்தார்களை விடவும் மதிப்பு அதிகம். 1997க்குப் பின் சில ஆண்டுகள் “மேட்” என்பதற்குப் பதிலாக “கிராஃப்டட் இன் ஜப்பான்” என்று போட்டதால், அந்த வாசகமே ஆண்டைக் குறுக்கிக் காட்டும்.

ஈப்போ சாலை டிரம்மர் (கோலாலம்பூர்)

என் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை, ஆனாலும் சுவையாகத்தான் போகிறது. ரோஸ்வுட் பலகையை வைத்து ஏதாவது சொல்ல முடியுமா? எங்கள் குழுவில் ஒருவருடைய மெக்சிகோ கித்தாரில் பலகை வெளிறிப்போய் இருக்கிறது.

செந்தூல் ஆறுதந்தி (கோலாலம்பூர்)

சொல்ல முடியும், ஆனால் அண்மைக்காலத்துக்கு மட்டும். 2017 சனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் அனைத்துலக வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தபோது, எல்லை தாண்டும் ஒவ்வொரு கித்தாருக்கும் ஆவணம் தேவைப்பட்டது. ஃபெண்டர் தன் மெக்சிகோ கித்தார்களுக்குப் பாவ் ஃபெரோ என்ற மரத்துக்கு மாறியது. உங்கள் நண்பருடைய வெளிறிய பலகை அதுவாக இருக்கலாம். 2019 இறுதியில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. 2024இல் வந்த பிளேயர் டூ வரிசையில் ரோஸ்வுட் திரும்பிவிட்டது. 2002க்கு இது உதவாது.

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

பட்டறை அண்ணனுக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி. விற்பவர் பெருந்தன்மையானவர், தம் கையாலேயே திருகுகளைக் கழற்றிக் காட்டினார். பார்த்ததை அப்படியே எழுதுகிறேன்.

மேல்விளிம்பில் முன்கை படியும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு மின்னுகிறது. விரலால் தடவினால் சுற்றியுள்ள பகுதி சற்று சொரசொரப்பாகவும் அந்த இடம் வழுவழுப்பாகவும் இருக்கிறது. அடிவிளிம்பில், தாங்கியின் இரு கைகளும் பட்ட இடங்களில் இரண்டு வெளிறிய பட்டைகள் தெரிகின்றன. விற்பவர் அவற்றைத் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார், போகவில்லையாம். பிரிட்ஜ் திருகுகளில் இரண்டு துருப்பிடித்திருந்தன, கடற்கரைக்கு அருகில் வீடு என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கழுத்தின் அடியில் 2002ஆம் ஆண்டைக் காட்டும் முத்திரை இருக்கிறது. எஃகு வில்லை இல்லை. நான்கு துளைகளைத் தவிர வேறு துளையோ, குச்சி வைத்து அடைத்த அடையாளமோ இல்லை. உடலின் பள்ளத்தில் கழுத்து இறுக்கமாக, காகிதம்கூட நுழையாதபடி அமர்ந்திருந்தது. பிக்கப்புகளின் அடியில் காந்தக் கட்டை இல்லை.

பாயான் பாரு பட்டறை (பினாங்கு)

இதற்குமேல் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அது 2002ஆம் ஆண்டு ஹைவே ஒன், தன் சொந்தக் கழுத்தோடு. “எல்லாப் பாகங்களும் அசல்” என்று அவர் சொன்னது உண்மை. “அமெரிக்கன் ஸ்டாண்டர்ட்” என்று சொன்னது மட்டும் பொருந்தாது. அவரே இன்னொருவரிடமிருந்து அந்தப் பெயரில் வாங்கியிருக்கலாம், அதனால் குற்றம் சாட்டும் குரலில் பேசாதீர்கள். விலைப்பட்டியலில் ஹைவே ஒன் எப்போதும் அமெரிக்கன் சீரீஸுக்குக் கீழேதான் இருந்தது. பழைய பொருள் சந்தையிலும் அந்த இடைவெளி தொடர்கிறது. தடங்களையும் துருவையும் கணக்கில் கொண்டு 3,200 வெள்ளியில் பேச்சைத் தொடங்குவது நியாயம் என்பது என் கருத்து. அசல் அமெரிக்கன் சீரீஸாக இருந்தால்கூட அந்த நிலையில் 4,800 கொஞ்சம் அதிகம்தான்.

ஜெலுத்தோங்வாசி (பினாங்கு)

இந்த இழையையே அவருக்குக் காட்டினேன், அண்ணன். முதலில் முகம் சுருங்கியது. பிறகு ஹைவே ஒன் பற்றி அவரே தேடிப் படித்துவிட்டு, மறுநாள் காலை அழைத்தார். 3,400 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டோம். இப்போது கித்தார் என் வீட்டில் இருக்கிறது. துருப்பிடித்த திருகுகளை மாற்றலாமா, அல்லது அசல் பாகம் என்பதற்காக அப்படியே விட வேண்டுமா?

பாயான் பாரு பட்டறை (பினாங்கு)

தாராளமாக மாற்றுங்கள். பழையவற்றை ஒரு சிறு பையில் போட்டுக் கித்தார் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்; பிற்பாடு வாங்குபவர் கேட்டால் எடுத்துக் காட்டலாம். ஆறையும் ஒரே நேரத்தில் கழற்றாமல், ஒன்றை எடுத்து ஒன்றைப் போடுங்கள். துரு மரத்துக்குள் இறங்கியிருந்தால் திருகு பாதியில் முறியக்கூடும், ஆகவே எதிர்ப்பு தெரிந்த உடனே நிறுத்திவிட்டு, சாலிடரிங் சூட்டுக்கோலின் முனையைத் திருகுத் தலையில் சிறிது நேரம் வைத்து எடுத்தபின் மறுபடி முயலுங்கள். கோல் பூச்சில் பட்டுவிடாமல் கவனமாக இருங்கள். நைட்ரோ சூட்டுக்கு இளகிவிடும். ரப்பர் தாங்கியையும் இனிப் பயன்படுத்தாதீர்கள், அல்லது அதன் கைகளில் பருத்தித் துணியைச் சுற்றிவிடுங்கள்.